கேத்லீன் கோபர்ன் போன வழியில்: கோல்ரிட்ஜ் குறிப்பேடுகளைத் தேடி ஒரு பயணம்

அக்டோபர் 13, திங்கள். லண்டன், யூஸ்டன் சாலை

ஆங்கில ரொமான்டிக் கவிஞர் சாமுவேல் கோல்ரிட்ஜின் குறிப்பேடுகளையும், அவற்றைப் பதிப்பித்த கனடா அறிஞர் கேத்லீன் கோபர்ன் போன வழியையும் தேடும் பயணம் இங்கே தொடங்குகிறது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. காலை பத்து மணிக்கே விளக்குப் போட்ட மாதிரி மங்கலான நாள். பிரிட்டிஷ் நூலகத்தின் முற்றத்தில் குனிந்து அளந்துகொண்டிருக்கிறார் நியூட்டன். கவிஞரும் ஓவியருமான பிளேக் வரைந்த படத்தை வைத்து சிற்பி பாவோலோட்ஸி செய்த வெண்கலச் சிலை அது. பள்ளிப் பிள்ளைகள் அதன் அடியில் உட்கார்ந்து சிப்ஸ் தின்கிறார்கள், யாரும் விரட்டவில்லை.

வாசகர் அட்டைக்குக் கட்டணம் கிடையாது. வீட்டு முகவரி உள்ள சான்று ஒன்று, கையொப்பம் உள்ள சான்று ஒன்று, இரண்டும் அசலாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் முகவரிச் சான்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கோட்டும் பையும் கீழ்த்தளத்துப் பெட்டிக்குப் போய்விடும். மடிக்கணினி, பென்சில், தாள் மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் உள்ளே வரலாம். பேனா, தண்ணீர், தொண்டைக்கு மிட்டாய் எதுவும் கூடாது. நொய்ந்த கையெழுத்துப் பிரதிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்பது இந்த மாதிரி நூலகங்களில் வழக்கம். "ஆராய்ச்சி மாணவர், நல்லவர்" என்று மட்டும் எழுதிய கடிதம் உதவாது. எந்த எண்ணுள்ள பிரதி, எந்தப் பக்கங்கள், அச்சுப் பதிப்பு ஏன் போதவில்லை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

கோல்ரிட்ஜ் குறிப்பேடுகளுக்கு அந்த மூன்றாவது கேள்வி சங்கடமானது. கேத்லீன் கோபர்ன் ஆயுள் முழுக்கச் செய்த பதிப்பு இருக்கும்போது அசல் எதற்கு? பதில் அந்தப் பதிப்பின் அமைப்பிலேயே இருக்கிறது.

இங்குள்ள குறிப்பேடுகள் 55. எண்கள் ஆட் எம்எஸ் (நூலகத்தின் கையெழுத்துப் பிரதி வரிசை ஒன்றின் குறி) 47496 முதல் 47550 வரை. இவற்றுக்கு முன்பே, 1868இல், நூலகத்துக்கு வந்துவிட்ட கட்ச் குறிப்பேடு தனி (27901). நியூயார்க்கிலும் டொரான்டோவிலும் இன்னும் சில. பெரும்பாலானவை சட்டைப்பையில் வைக்கும் அளவு. கோல்ரிட்ஜ் ஒரு நோட்டை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற ஆள் இல்லை. ஒரே சமயத்தில் மூன்று நான்கில் எழுதுவார். ஒன்றை முன்பக்கமிருந்தும், தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமிருந்தும் நிரப்புவார். ஜெர்மனியில் காலியாக விட்ட பக்கத்தில் ஆறேழு ஆண்டு கழித்து மால்டாவில் எழுதுவார். கொஞ்சம் லத்தீன், கொஞ்சம் ஜெர்மன். அபினியைப் பற்றியோ, அவர் காதலித்த (மனைவி அல்லாத) சாரா ஹட்சின்ஸனைப் பற்றியோ எழுதும்போது கிரேக்க எழுத்தில் ஆங்கிலம், இல்லாவிட்டால் எண்களால் ஆன சங்கேதம்.

கோபர்ன் நோட்டு நோட்டாக அச்சிடவில்லை. ஒவ்வொரு குறிப்பையும் பிரித்தெடுத்து, எழுதிய காலத்தை முடிவு செய்து, கால வரிசையில் தொடர் எண் போட்டார். தொடர் எண்ணுக்குப் பக்கத்திலேயே மூல நோட்டின் எண்ணும், அதற்குள் குறிப்பின் இடமும் இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் இரண்டு புத்தகம்: ஒன்றில் மூலம், மற்றதில் உரைக்குறிப்பு. உரைக்குறிப்புப் புத்தகம்தான் பல சமயம் தடிமன்.

இதனால் ஒரு கோடைகாலத்தில் கோல்ரிட்ஜ் என்ன யோசித்தார் என்பதை நேராகப் படிக்கலாம். ஆனால் ஒரு நோட்டு கையில் எப்படி இருந்தது, எதற்குப் பக்கத்தில் எது, எந்த மை எங்கே மாறுகிறது என்பது அச்சில் தெரியாது. அதற்கு அசல் வேண்டும். பழுப்பாகிப்போன மையைவிட மங்கிய பென்சிலே பெரிய தொல்லை. விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தால் பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் பொறிப்பான நீர்க்குறியும் ஓரளவே உதவும். 1794ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்றுமதிக் காகிதத்துக்கு வரி திரும்பக் கிடைக்க ஆண்டு பொறித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகான ஆங்கிலக் காகிதத்தில் அடிக்கடி ஆண்டு தென்படுவது அதனால்தான். அந்த ஆண்டுக்கு முன் எழுதியிருக்க முடியாது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. தவிர, சின்ன நோட்டுக்காகத் தாளை மடித்து வெட்டும்போது பொறிப்பு துண்டுதுண்டாக வெவ்வேறு பக்க ஓரங்களுக்குப் போய்விடும்.

மாலை யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னால் டிரம்மண்ட் தெருவில் மசால் தோசை, ஒன்பது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. சாம்பார் இனிப்பு. பரிமாறியவர் இரண்டாவது கிண்ணம் கேட்காமலே வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 14, செவ்வாய். ஹைகேட்

கிங்ஸ் கிராஸிலிருந்து 214ஆம் எண் பேருந்து மேட்டின் உச்சி வரை போகும், 2025இல் கட்டணம் 1.75 பவுண்டு. ஏறும்போது ஓட்டுநருக்கு வணக்கமும் இறங்கும்போது நன்றியும் சொல்கிறார்கள், பள்ளிச் சிறுவர்கள் உட்பட.

கோல்ரிட்ஜ் கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் இந்த மேட்டில்தான் இருந்தார். அபினியைக் கட்டுப்படுத்தித் தரும்படி 1816 ஏப்ரலில் மருத்துவர் ஜேம்ஸ் கில்மன் வீட்டுக்கு வந்தவர் 1834 ஜூலை 25இல் அதே குடும்பத்தோடு இருந்தபடி இறந்தார். தி குரோவ் தெரு 3ஆம் எண் வீட்டு வாசலில் பலகை உண்டு. தனியார் வீடு, தெருவில் நின்று பார்ப்பதோடு சரி.

எதிரே செயின்ட் மைக்கேல் தேவாலயம். உடல் முதலில் பக்கத்துப் பள்ளியின் சிற்றாலயத்தடியில் இருந்தது. 1961இல் இங்கே மாற்றினார்கள். நடுவழியில் பதித்த கல்லைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். சவப்பெட்டிகள் இருக்கும் இடம் அடித்தளத்தில், முன்பு அங்கிருந்த பழைய மாளிகையின் ஒயின் நிலவறை. இது 2018இல்தான் செய்தியானது. போதைக்குத் தப்பி இந்த மேட்டுக்கு வந்தவர் ஒயின் அறையில் படுத்திருப்பதை ஆங்கிலப் பத்திரிகைகள் விடுமா?

ஆராய்ச்சியாளருக்கு ஹைகேட் என்றால் கோபர்ன் பதிப்பின் நான்காம், ஐந்தாம் தொகுதிகள். பைபிள் விளக்கம், திரித்துவம், வேதியியல், தூக்கம் கெட்ட இரவுகள். ரொமான்டிக் இலக்கியம் என்று சேரும் மாணவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வருவதில்லை. கோபர்ன் வந்தார். முதல் தொகுதி 1957, இரண்டாவது 1961, மூன்றாவது 1973, நான்காவது மெர்டன் கிறிஸ்டென்சனோடு சேர்ந்து 1990. அடுத்த ஆண்டு அவர் காலமானார். ஐந்தாவதை அந்தோனி ஜான் ஹார்டிங் முடித்து 2002இல் வெளியிட்டார். கோல்ரிட்ஜ் புத்தக ஓரங்களில் எழுதியவற்றின் பதிப்பும் இப்படித்தான்: ஜார்ஜ் வாலி தொடங்கினார், 1983இல் இறந்தார், ஹெதர் ஜாக்சன் ஆறாம் தொகுதி வரை கொண்டுபோய் 2001இல் முடித்தார். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குக் கேட்கும் இன்றைய பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்பது சந்தேகமே. இத்தனைக்கும், இதே துறையில் எழுதப்படும் கட்டுரைகள் அடிக்குறிப்பில் சாய்ந்து நிற்பது இந்தத் தொகுதிகளின் மேல்தான்.

மேட்டில் தேநீரும் கேரட் கேக்கும் எட்டரைப் பவுண்டு. கேக் பழையது.

அக்டோபர் 16, வியாழன். ஆட்டரி செயின்ட் மேரி, டெவன்

லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸெட்டர் போகும் பாதை சாலிஸ்பரிக்கு மேற்கே பெரும்பாலும் ஒற்றைத் தடம். எதிர் ரயில் ஒன்று தாமதித்தால் எல்லாமே காத்துக் கிடக்கும். இன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு வயலோரம் நின்றோம். பெட்டியில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. எதிர் இருக்கைப் பெரியவர் தன் பத்திரிகையை நடுவில் பிரித்து, விளையாட்டுப் பக்கங்களை வைத்துக்கொண்டு மீதியை நீட்டினார். ஹானிட்டனில் இறங்கியபோது இணைப்புப் பேருந்து போய்விட்டது. அடுத்ததற்கு நிழற்குடையில் நெடுநேரம் குளிரில் உட்கார வேண்டியிருந்தது. கட்டணம் 3 பவுண்டு, எவ்வளவு தூரமானாலும் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2025இல் அரசு வைத்த வரம்பு.

ஊர் சின்னது, தேவாலயம் மட்டும் ஊருக்குப் பொருந்தாத பெரிசு. 14ஆம் நூற்றாண்டில் கிராண்டிஸன் ஆயர் எக்ஸெட்டர் பேராலயத்தைப் பார்த்து, குறுக்குச் சிறகுகளின் மேலே இரண்டு கோபுரம் வைத்துக் கட்டியது. உள்ளே இடைக்கால வானியல் கடிகாரம். கோல்ரிட்ஜின் தந்தை ஜான் இங்கே பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியரும் அவரே. இரண்டாம் மனைவியின் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி சாமுவேல், பிறந்தது 1772 அக்டோபர் 21. தேவாலய மதிலில், அவருடைய 'பழைய மாலுமி' கவிதையில் வரும் ஆல்பட்ராஸ் பறவையோடு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 2022இல் முழு உருவச் சிலையும் வைத்தார்கள்.

தேவாலயத்தை ஒட்டினாற்போல் மதிலுக்குள் சான்டர்ஸ் ஹவுஸ். கோல்ரிட்ஜின் அண்ணன் வழிக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது, 2006இல் விற்றுவிட்டார்கள். உள்ளே போக முடியாது. கோபர்னின் கதை தொடங்குவது இந்த வீட்டில்.

1930இல் கனடாவிலிருந்து உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்திருந்த மாணவி அவர், வயது 25. கோல்ரிட்ஜின் தத்துவ உரைகளைத் தேடி இந்த வீட்டுக்காரரான அன்றைய லார்டு கோல்ரிட்ஜுக்குக் கடிதம் எழுதி, அழைப்புப் பெற்று வந்தார். குடும்பத்தில் "கிழவர் சாம்" பற்றிப் பெரிய மதிப்பு கிடையாது: கவிஞர், காரியத்துக்கு ஆகாதவர், பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளாதவர். ஆனால் நூலகத்தில் வரிசையாக அவருடைய குறிப்பேடுகள். அவற்றில் மிகச் சிறிய பகுதியே அதுவரை அச்சேறியிருந்தது.

இங்கேதான் இந்தத் துறையின் நடைமுறை தெரிகிறது. பிரதி தனியார் வீட்டில் இருக்கும்வரை ஆராய்ச்சி என்பது விருந்தாளி மரியாதை. எப்போது வரலாம், எத்தனை நாள், படம் எடுக்கலாமா என்பதெல்லாம் வீட்டுக்காரர் மனசு. வீட்டுக்காரர் விற்க நினைத்தால் ஏலத்தில் சிதறிவிடும். இவை சிதறாமல், பில்கிரிம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பண உதவியோடு, 1951இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு (நூலகம் அப்போது அதன் பகுதி) மொத்தமாக வந்தன. அதற்குள் இருபது ஆண்டு ஓடிவிட்டது. இடையில் கோபர்ன் டொரான்டோ விக்டோரியா கல்லூரியில் பாடம் நடத்தினார், தத்துவ உரைகளை 1949இல் பதிப்பித்தார். குறிப்பேடுகளின் முதல் தொகுதி வரும்போது அவருக்கு 52.

மதியம் டெவன் கிரீம் டீ: இரண்டு ஸ்கோன், கெட்டிக் கிரீம், ஸ்ட்ராபெரி ஜாம், ஒரு குடுவைத் தேநீர், எட்டுப் பவுண்டு. இங்கே கிரீம் முதலில், ஜாம் மேலே. கார்ன்வாலில் நேர்மாறு. தெரியாமல் ஜாமை முதலில் தடவிய பக்கத்து மேசைப் பெண்மணியிடம் கடைக்காரம்மா, "அந்தப் பாலத்துக்கு அப்பால் கார்ன்வால் போனால் அப்படிச் சாப்பிடுங்க, கண்ணு" என்றார்.

இந்த ஊரில் சாப்பாட்டால் வந்த பழைய சண்டையும் ஒன்று உண்டு. வாட்டிச் சாப்பிட வசதியாகப் பாலாடைக் கட்டியை உடையாமல் வெட்டித் தரச் சொன்னான் சிறுவன் சாமுவேல். அண்ணன் ஃபிராங்க் அதைப் பொடியாக்கினான். அடிதடி, கத்தி, ஓட்டம்; இரவு முழுக்க ஆட்டர் ஆற்றங்கரை மேட்டில் படுத்துக் கிடந்தான். 1797இல் நண்பர் தாமஸ் பூலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்வது இது.

அக்டோபர் 18, சனி. நெதர் ஸ்டோவி, சாமர்செட்

கோல்ரிட்ஜ் குடும்பம் 1797 தொடக்கத்தில் குடியேறிய வீடு லைம் தெருவில் இருக்கிறது, இப்போது பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில். எல்லா நாளும் திறந்திருக்காது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. வீடு அன்றைக்கு இருந்ததைவிட இப்போது பெரிது, பின்னால் வந்தவர்கள் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். 1797 என்று நினைத்துப் பார்க்க வேண்டியது முன்பக்கத்து அறைகளை மட்டும்தான்.

உள்ளே இரண்டு தன்னார்வலர்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மிகப் பணிவாகத் திருத்துவார், உடனே முதலாமவர் மன்னிப்புக் கேட்பார், திருத்தியவரும் பதிலுக்குக் கேட்பார். மனைவி சாரா கொதிக்கும் பால் சட்டியைத் தவறுதலாகக் கணவர் காலில் கொட்டியதைச் சொல்லும்போது மட்டும் இருவரும் ஒரே குரல். நண்பர்களான கட்டுரையாளர் சார்ல்ஸ் லாமும் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் மலைக்கு நடக்கப் போக, கால் வெந்தவர் பக்கத்துத் தோல் பதனிடுபவர் பூலின் தோட்டத்தில், எலுமிச்சை மணக்கும் லைம் அல்ல, லிண்டன் வகை லைம் மரத்தடியில் உட்கார்ந்து கவிதை எழுதினார்.

வேர்ட்ஸ்வொர்த்தும் டோரதியும் சில மைல் தள்ளி ஆல்ஃபாக்ஸ்டனில் ஆண்டுக்கு 23 பவுண்டு வாடகைக்குப் பெரிய மாளிகையே எடுத்தார்கள். மடக்கு நாற்காலியும் நோட்டுமாக இரவில் ஆற்றோரம் சுற்றும் வெளியூர்க்காரர்களைக் கண்டு ஊர் மிரண்டது. பிரெஞ்சுப் படை இறங்கும் என்ற பீதி வேறு. உள்துறை ஒற்றர் ஒருவரையே அனுப்பியது. அந்த ஒற்றரின் அறிக்கைகள் அரசு ஆவணத்தில் இருப்பதால், அந்த ஆகஸ்டில் யார் யார் இங்கே இருந்தார்கள் என்பதற்கு ஆராய்ச்சியாளருக்குச் சாட்சி கிடைத்தது.

மறு ஆண்டு, 1798இல், வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதை நூல் லிரிக்கல் பேலட்ஸ். முதல் பதிப்பைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது பெயர்ப் பக்கம்: மிகச் சில பிரதிகளில் பிரிஸ்டல், மற்றவற்றில் லண்டன். அடுத்து, 'லூட்டி' என்ற கவிதை இருக்கிறதா என்பது. ஏற்கெனவே நாளிதழில் வந்த அது பெயர் போடாத நூலின் ஆசிரியரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அந்தத் தாள்களை எடுத்துவிட்டு 'நைட்டிங்கேல்' கவிதையைச் செருகினார்கள். ஒட்டிய இடத்தில் பக்க எண்ணும் தாள் குறியும் தடுமாறும். திரையில் பார்க்கும் படக்கோப்பில் இந்த ஒட்டு தெரியாது. தையலைப் பார்க்கப் புத்தகம் வேண்டும். அதே மாதிரி, 18ஆம் நூற்றாண்டு நூல்களின் பெரிய மின்தொகுப்புகளில் சொல் தேடுபவர்கள், அக்கால நீள எஸ் எழுத்தைக் கணினி எஃப் என்று படித்துவிடுவதை மறக்கக் கூடாது. 'சக்' (உறிஞ்சு) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் வரும் கெட்ட வார்த்தையைப் பார்த்து அதிர்ந்த மாணவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

மதியச் சாப்பாடு: செடார் கட்டி, ஊறுகாய், ஆப்பிள், ரொட்டி, பதின்மூன்று பவுண்டு. செடார் இதே மாவட்டத்துச் சரக்கு, நாக்கில் சுருக்கென்றது.

அக்டோபர் 19, ஞாயிறு. போர்லாக், கல்போன்

மழை. ஞாயிறு என்பதால் பேருந்தை நம்ப முடியாது. மைன்ஹெட்டிலிருந்து போர்லாக் வியர் வரை டாக்ஸி, 28 பவுண்டு. ஓட்டுநர், "போர்லாக்கிலிருந்து வந்த ஆள் நான்தான்" என்று எல்லாப் பயணிகளிடமும் சொல்வார் போலிருக்கிறது.

கடலோரக் காட்டு வழியாகக் கல்போன் தேவாலயம் இரண்டு மைல். மண் சரிந்து பாதை அடிக்கடி மாற்றிவிடப்படும் இடம். இன்று ஈர இலையும் களிமண்ணும். சாதாரண ஷூவில் வந்த இரண்டு பேர் பாதியில் திரும்பிவிட்டார்கள். 35 அடி நீளமே உள்ள தேவாலயம், முப்பது பேர் உட்காரலாம்.

அபினி மயக்கத்தில் வந்ததாகவும், போர்லாக்கிலிருந்து வந்த ஒரு ஆள் குறுக்கிட்டதால் பாதியில் நின்றுபோனதாகவும் கோல்ரிட்ஜ் சொன்ன 'குப்ளா கான்' கவிதை பிறந்த இடம் இந்தப் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்று. எந்தப் பண்ணை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எப்போது என்பது இன்னும் சிக்கல். 1816 முன்னுரையில் "1797 கோடை" என்கிறார். பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள, அந்தக் கவிதையின் குரூ கையெழுத்துப் பிரதியின் (ஆட் எம்எஸ் 50847) கடைசியில் அவர் கைப்பட இருப்பது: 1797 இலையுதிர் காலம், போர்லாக்குக்கும் லின்டனுக்கும் இடையே பண்ணை வீடு, கல்போன் தேவாலயத்திலிருந்து கால் மைல், வயிற்றுக் கடுப்புக்காக இரண்டு கிரெய்ன் (பழைய சிறு எடை அளவு) அபினி. இடையில் வந்து கெடுத்த போர்லாக் ஆசாமி இந்தக் குறிப்பில் இல்லவே இல்லை. மூன்றாவது சாட்சி குறிப்பேட்டில், 1810 நவம்பர் 3: நண்பராக இருந்த சார்ல்ஸ் லாய்டுடன் ஏற்பட்ட மனக்கசப்பால் இந்தப் பக்கம் ஒதுங்கியதாகவும் அபினியை நாடியதாகவும். லாய்டு தகராறு 1798 வசந்தத்துக்கு இழுக்கிறது.

பெரும்பாலோர் 1797 அக்டோபர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஊரை விட்டு ஓரிரு நாள் போயிருந்ததாக அவர் அக்டோபர் 14இல் நண்பர் தெல்வாலுக்கு எழுதிய கடிதம் அதற்குத் துணை. மூன்று சாட்சியும் ஒரே மனிதருடையவை, வெவ்வேறு வயதில் சொன்னவை. கடிதம் அந்த மாதத்திலேயே எழுதியது. அதற்குத்தான் முதல் எடை.

போர்லாக் வியரில் மீன் சூப், ஒன்பதரை. ஈரக் கோட்டை அடுப்புப் பக்கம் தொங்கவிடச் சொல்லிக் கடைக்காரரே கொக்கி காட்டினார்.

அக்டோபர் 21, செவ்வாய். பிரிஸ்டல்

இன்று கோல்ரிட்ஜின் பிறந்த நாள். ஊரில் யாருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை. கிங் தெருவில் பிரிஸ்டல் நூலகச் சங்கம் இருந்த 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் இரவல் பதிவேடுகள் காலேஜ் கிரீனில் உள்ள மத்திய நூலகத்தில்.

கவிஞர் எதைப் படித்தார் என்பதற்குப் பதிவேடு நல்ல சாட்சி, முழுச் சாட்சி அல்ல. எடுத்த தேதி, தொகுதி, திருப்பிய தேதி தெரியும். படித்தாரா என்று தெரியாது. கோல்ரிட்ஜும் அவர் நண்பர் கவிஞர் சதேயும் ஒருவர் கணக்கில் மற்றவருக்குப் புத்தகம் எடுத்திருக்கிறார்கள், ஆகவே ஒருவர் பெயரை மட்டும் பார்த்தால் பாதி தப்பும். இருவர் பதிவுகளையும் சேர்த்து 1949இல் பட்டியலிட்டவர், ஓரக்குறிப்புகளைத் தொடங்கிய அதே ஜார்ஜ் வாலி. முதலில் அவர் பட்டியலில் தேதியைப் பிடித்து, பிறகு அந்த ஆண்டின் பதிவேட்டைக் கேட்பதே வழி. வெறுமனே "கோல்ரிட்ஜ் பதிவேடு" என்று கேட்டால் கனமான தொகுதிகளைப் புரட்டியே நாள் போய்விடும்.

நூலகர் கேட்காட்டுக்கு 1797இல் கோல்ரிட்ஜ் எழுதிய கடிதத்தைத் தங்கும் விடுதியில் மீண்டும் படித்துக்கொள்ளலாம். கிரிக்ஸ் பதிப்பித்த கடிதங்களின் முதல் தொகுதியில் இருக்கிறது. புரூக்கரின் தத்துவ வரலாற்றைத் தவணை தாண்டி வைத்திருந்ததற்காக நினைவூட்டல் மேல் நினைவூட்டல், அவற்றுக்குத் தபால் செலவு வேறு. உங்கள் கமிட்டியினர் வேண்டுமானால் லத்தீனும் கிரேக்கமுமாக நெருக்கி அச்சிட்ட 1,400 பக்கத்தை மூன்றே வாரத்தில் படிப்பார்களாயிருக்கும், எனக்கு அந்தத் திறமை கிடையாது என்று எழுதி அனுப்பினார்.